நான்காம் முயலின் குப்பி

அக்டோபர் 6, திங்கள்

அண்ணிக்கு,

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று காலை பதினொன்றேகால் மணிக்கு, எங்கள் கம்பெனியின் சோதனைப் பிரிவில், தரகர் புரதமே இல்லாத செல்களில் எங்கள் ஆன்டிபாடி பட்டை காட்டியது. மங்கலான பட்டை என்று ஒதுக்க முடியாது, தடித்துக் கறுத்திருக்கிறது. யாரோ சொல்லிக் கேட்டதும் இல்லை. செல்லைக் கரைத்ததும், ஜெல்லில் ஏற்றியதும், படம் எடுத்ததும் நானே. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதே இடம், அதே கறுப்பு.

தரகர் என்று பெயர் வைத்தது நீங்கள்தான். ‘இவன் தானா ஒரு வேலையும் செய்யமாட்டான். வெளியில கதவைத் தட்டினவனையும் உள்ளே வேலை பார்க்கிறவனையும் சேர்த்து வைப்பான். வீட்டுத் தரகர் மாதிரி’ என்று உங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்வீர்கள். இந்தச் செல்களில் அந்தத் தரகரை உண்டாக்கும் மரபணுவையே வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஆளே இல்லாத வீட்டைப் பார்த்து ‘இதோ இருக்கிறார்’ என்று கைகாட்டுகிறது ஆன்டிபாடி. அது காட்டுவது வேறு யாரையோ. ஜெல்லில் பட்டை நிற்கும் இடமே புரதத்தின் எடையைச் சொல்லிவிடும். தரகரின் எடை இருபத்தைந்து கிலோடால்டன் என்றால் இந்த ஆளின் எடை இருபத்தேழு.

ஆன்டிபாடியின் பட்டியல் எண் நம் ஆய்வுக் கட்டுரையில் இருக்கும் அதே எண். ஆனால் லாட், அதாவது தயாரிப்புத் தொகுதி, வேறு. இங்கே வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஆன்டிபாடி முயலின் ரத்தத்திலிருந்து வருகிறது. ஒரு முயல் செத்தால் அடுத்த முயல். பெட்டியில் பெயரும் எண்ணும் அப்படியே இருக்கும், லாட் எண் மட்டும் பொடி எழுத்தில் மாறும். நான்காம் முயலின் ஆன்டிபாடி சுத்தம். இன்று பொய் சொன்னது ஏழாம் முயலுடையது.

நவம்பர் 3 முதல் நம் கட்டுரையை வைத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பிரிக்கப் போகிறார்கள் என்று அண்ணன் சொன்னார். புற்றுநோய்க் கட்டியில் தரகர் அதிகம் என்றால் புது மருந்து உண்டு, குறைவு என்றால் கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன். போன் செய்தால் நீங்கள் எடுக்கமாட்டீர்கள். ஆபீஸ் மெயிலில் எழுதினால் நான்கு பேர் படிப்பார்கள்.

நோட்டை எடுத்து, கட்டி மாதிரிகளுக்கு எந்த லாட் என்று பாருங்கள். பார்த்து எழுதுங்கள். அதற்குப் பிறகு நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கலாம்.

துளி


அக்டோபர் 9, வியாழன்

துளி,

பதினாறு மாதம் கழித்து ஒரு கடிதம். அதில் ‘நலமா’ என்று ஒரு வார்த்தைக்கு இடம் இல்லை, முயலுக்கு மட்டும் ஒரு பத்தி. இருக்கட்டும்.

நோட்டைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன், செப்டம்பர் 8 முதல் டிசம்பர் 19 வரை, நாற்பத்தொரு கட்டி மாதிரிகள். எல்லாப் பக்கமும் உன் கையெழுத்து. எல்லாப் பக்கத்திலும் ‘லாட் 4’. ஒன்றில்கூட ஏழு இல்லை. கட்டுரையிலும் நான்கு என்றுதான் அச்சாகியிருக்கிறது. ஆகவே உங்கள் ஏழாம் முயல் பொய் சொன்னாலும் புளுகினாலும் அது உங்கள் கம்பெனியின் தலைவலி. என்னுடையது இல்லை.

ஆஸ்பத்திரி டாக்டரிடம் இதைச் சொல்லி அவரைக் குழப்ப மாட்டேன். அவரை இதற்குச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒன்பது மாதம் ஆனது. ஏழு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் அதே படத்தைத் திரையில் போட்டுக் காட்டினேன், ‘இந்த ஒரு பட்டையைப் பாருங்கள்’ என்று.

உன் அண்ணனிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டே படித்தார்.

“ஆன்டிபாடின்னா என்ன, ஒரு வார்த்தையில சொல்லு.”

“கூட்டத்துல ஒரே ஒருத்தரை மட்டும் கைகாட்டுற ஆள்.”

“அந்த ஆளு வேற எவனையோ காட்டிட்டான்னு இவ சொல்றாளா?”

“இவ சொல்றது வேற ஆளைப் பத்தி. நம்ம ஆள் ஒழுங்கானவன்.”

“ரெண்டு பேருக்கும் ஒரே பேரு, ஒரே சட்டைன்னா எப்படிக் கண்டுபிடிப்ப?” என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக் கொடுக்கிறவர் கேட்கிற கேள்வியா இது.

ஏதோ சொல்ல வேண்டியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு ‘லாம்’ போட்டுப் பேசுகிற பழக்கம் கிடையாதே. நோட்டை நான்கு முறை புரட்டிவிட்டேன். சொல்வதானால் சொல்.

அண்ணி


அக்டோபர் 12, ஞாயிறு

அண்ணிக்கு,

சொல்கிறேன்.

நான்காம் முயல் இரண்டு வருடத்துக்கு முன் பிப்ரவரி 11 அன்று செத்தது. இங்குள்ள முயல் பதிவேட்டில் 62ஆம் பக்கம். அதன் ரத்தத்திலிருந்து எடுத்த கடைசிக் குப்பி மே 30 அன்று விற்றுப்போனது. நாம் மாதிரிகளை ஓட்டத் தொடங்கியது செப்டம்பரில். நம் கடைசி லாட் 4 குப்பி மார்ச்சில் வாங்கியது. ஜூலையில் அதன் அடியில் ஐந்தாறு சொட்டுதான் மிச்சம்.

ஜூலை 14 அன்று புதுக் குப்பி வந்தது. இங்குள்ள விற்பனைப் பதிவின்படி அது ஏழாம் லாட். அதைத் திறந்து பழைய குப்பியில் ஊற்றினேன்.

ஏன் என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். பழைய குப்பியில் உங்கள் கையெழுத்தில் ஒட்டுத்தாள் இருந்தது. எத்தனை மடங்கு கலக்க வேண்டும், எந்தத் தட்டில் வைக்க வேண்டும் என்று எல்லாம் அதில். எல்லோரும் அந்தக் குப்பியைத்தான் தேடுவார்கள். அடியில் இருந்த சொட்டுகளைக் கொட்ட மனம் வரவில்லை. எனக்குத் துளி என்று பெயர் வந்ததே அதனால்தானே. வீட்டில் மிளகுத் தூள் தீர்ந்தால் டப்பாவை மாற்றுவோமா? அதே டப்பாவில் நிரப்புவோம். அப்படி நிரப்பினேன். அக்டோபரில் இன்னொரு முறை, அதுவும் ஏழாம் லாட்.

நோட்டில் எழுதும்போது தினமும் குப்பியைத் திருப்பிப் பார்த்து லாட் எண்ணை எழுதுவேன். குப்பியில் நான்கு என்று இருந்தது. நான்கு என்று எழுதினேன். ஒரு நாள்கூடத் தப்பாகப் பார்க்கவில்லை, அதுதான் கொடுமை.

நாற்பத்தொரு மாதிரிகளும் ஏழாம் முயலைக் கொண்டு ஓட்டியவை. நான்காம் முயலின் சொட்டு அதில் இருந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத அளவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முயல் பதிவேட்டை நான் முதலில் பார்த்தது இந்த ஜனவரியில். தேதிகள் பொருந்தவில்லை என்று அன்றே தெரிந்தது. ஏழாம் முயல் மோசம் என்று அப்போது தெரியாது. ஆனாலும் உங்களுக்கு ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. என் பெயர் இல்லாத கட்டுரைதானே, எனக்கென்ன என்று இருந்துவிட்டேன். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ‘தொழில்நுட்ப உதவிக்கு நன்றி’ என்ற வரியில், குளிர்சாதனம் பழுது பார்த்தவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு காற்புள்ளிதான்.

திட்டுவதானால் திட்டுங்கள். இருபத்திரண்டு நாள் இருக்கிறது.

துளி


அக்டோபர் 16, வியாழன்

துளி,

உன் கடிதம் புதன்கிழமை பதினொரு மணிக்கு வந்தது. ஒரு முறை படித்துவிட்டு எழுந்து நடந்தேன். மூன்றாம் மாடிக் காரிடாரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நூற்றிருபது அடி. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. துடைக்கிற அம்மா கடைசியில் ‘ஈரமா இருக்கும்மா, ஒரு பக்கமா நில்லுங்க’ என்றார். ஒரு பக்கமாக நிற்க முடியவில்லை.

குப்பி இன்னும் இருக்கிறது. குளிர்ப்பெட்டியின் இரண்டாம் தட்டில். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் தெரியவா போகிறது, தண்ணீர் மாதிரி இருக்கிறது.

மிளகுத் தூள் டப்பாவாம்! ஆறு வருடம் என் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் எழுதுகிற வாக்கியமா இது? ஜனவரியில் தெரிந்ததை அக்டோபரில் சொல்கிறாய். அந்த ஒன்பது மாதத்தில்தான் நான் ஏழு கூட்டத்துக்குப் போனேன். நான் மேலே ஏறட்டும், விழும்போது சத்தம் கேட்க வேண்டும் என்று காத்திருந்தாயா? பெயர் போடாத கோபத்தை இப்படித்தான் தீர்க்க வேண்டுமா?

இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் மேசையில் வைத்திருந்தேன். கிழிக்கலாம் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. நீயும் படி.

இப்போது வேலைப் பேச்சு. உன் கடிதத்தை வைத்து நான் டாக்டருக்கு எழுத முடியாது. என் குப்பி, என் ஜெல், என் கண். அவற்றில் தெரிந்தால் எழுதுவேன். மரபணு வெட்டிய செல்களை இன்னொரு ஆய்வகத்தில் கேட்டிருக்கிறேன், திங்கட்கிழமை வரும். ஏழாம் முயல் இருபத்தேழைக் காட்டுகிறது என்றால், நம் ஜெல்லில் அது ஏன் தனியாகத் தெரியவில்லை? இதற்கு உன்னிடம் பதில் இருக்கும். எனக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நீ சொல், கேட்கிறேன்.

அண்ணி


அக்டோபர் 19, ஞாயிறு

அண்ணிக்கு,

நாற்பது நிமிடம். அதுதான் பதில்.

ஒரே ஒரு ஜெல் பெட்டி, நான்கு பேர். ஆளுக்கு நாற்பது நிமிடம் என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியது நீங்கள். டேப் கிழித்துக் கொடுத்தது நான். நாற்பது நிமிட ஓட்டத்தில் இருபத்தைந்தும் இருபத்தேழும் ஒன்றின்மேல் ஒன்று நிற்கும். தடித்த ஒற்றைப் பட்டையாகத் தெரியும். ‘என்ன அழகா வந்திருக்கு பாரு’ என்று நீங்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினீர்களே, அந்தப் பட்டை. எழுபது நிமிடம் ஓடினால் இரண்டாகப் பிரியும்.

பழிவாங்க நினைத்திருந்தால் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு மெயில் போதும். அதற்குத் தபால்தலை ஒட்ட வேண்டியதில்லை. ஜனவரியில் எழுதாதது தப்பு. அதை ஒப்புக்கொண்டேன், திரும்பவும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘காத்திருந்தாயா’ என்று கேட்டீர்களே, அது என்னை இரண்டு நாளாக உட்கார விடவில்லை. காத்திருக்கவில்லை அண்ணி. முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று நம்புகிறேன். ராத்திரி நம்பிக்கை வருகிறது, காலையில் போய்விடுகிறது.

வெள்ளிக்கிழமை மேலாளரிடம் ஏழாம் லாட்டைப் பற்றி எழுத்தில் கொடுத்தேன். என்னை உட்கார வைக்காமலே பேசினார்.

“யாரும்மா உன்னைத் தோண்டச் சொன்னது? வாங்கினவங்க புகார் பண்ணாங்களா?”

“பண்ணல சார்.”

“பண்ணலைல்ல?”

“அவங்க நாம சொல்றதை நம்புறாங்க சார். அதான் பண்ணல.”

“வியாக்கியானம் வேண்டாம். காகிதத்தை வச்சிட்டுப் போ.”

வைத்துவிட்டு வந்தேன். என்ன நடக்கும் என்று தெரியாது. ரிசப்ஷனில் இருப்பவள் ‘என்னடி பண்ணி வச்சே, மாடியே கிசுகிசுங்குது’ என்கிறாள்.

செல்கள் நாளை வந்துவிடும் இல்லையா? வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள், நீங்களே ஓட்டுங்கள். நீங்கள் ஜெல் ஊற்றி எட்டு வருடம் ஆகிறது, அதனால் சொல்கிறேன். ஜெல்லில் குழி விடுகிற சீப்பைச் செங்குத்தாக, ஒரே இழுப்பில் எடுங்கள். கோணலாக இழுத்தால் பல்லுக்குப் பல் கிழியும். எழுபது நிமிடம். அடியில் நீலச் சாயக்கோடு வெளியே ஓடினாலும் கவலைப்படாதீர்கள். புரதம் ஒட்டுகிற வெள்ளைத் தாளை, மிச்சம் பிடிக்கிறேன் என்று பட்டை பட்டையாக வெட்டாதீர்கள். முழுத் தாளாக முக்குங்கள். ஒரு பக்கம் சாதாரணச் செல், பக்கத்தில் வெட்டிய செல்.

டாக்டருக்கு ஒரே ஒரு வரி போதும். நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டாம், பொறுங்கள் என்று சொல்லுங்கள். பதினைந்து நாள்தான் இருக்கிறது.

துளி


அக்டோபர் 22, புதன்

துளி,

காலை 9.40. ஜெல் ஓடத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. எப்போதும் வாசலில் நின்று ‘ஆச்சா?’ என்று கேட்டுவிட்டுப் போகிறவள்.

சீப்பைக் கோணலாக இழுத்தேன். இரண்டு பல் கிழிந்தது. புது ஜெல் ஊற்றினேன். என் மாணவன் ஒருவன் உதவிக்கு வந்தான். ‘வேண்டாம்பா, வெளியே இரு’ என்றேன். கதவுக் கண்ணாடி வழியாக மூன்று பேர் பார்க்கிறார்கள், மிருகக்காட்சிச் சாலையில் பார்ப்பதுபோல.

10.20. நாற்பது நிமிடம் ஆயிற்று. கை தானாக ஸ்விட்சுக்குப் போகிறது. நிறுத்தவில்லை.

நீ முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்ததாக எழுதியிருந்தாய். நானும் ஒன்று எழுதுகிறேன். போன டிசம்பரில் கடல் தாண்டி ஒரு ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. ‘உங்கள் கட்டுரையில் உள்ளதுபோலவே செய்தோம், எங்களுக்கு அந்த இடத்தில் இரண்டு பட்டை வருகிறது, ஏன்?’ என்று கேட்டிருந்தார்கள். மரியாதையான கடிதம். படமும் இணைத்திருந்தார்கள். நான் படத்தைத் திறக்கவில்லை. ‘எங்களிடம் ஒன்றுதான் வருகிறது, உங்கள் செய்முறையைச் சரிபார்க்கவும்’ என்று இரண்டு வரியில் பதில் போட்டேன். அப்போது டாக்டருடனான முதல் கூட்டத்துக்குப் படம் தயார் செய்துகொண்டிருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. உன் அண்ணனிடம்கூட இல்லை.

10.50. நிறுத்தினேன். இனி புரதத்தைத் தாளுக்கு மாற்ற ஒரு மணி நேரம்.

1.05. தாள் குப்பியின் ஆன்டிபாடியில் மிதக்கிறது. தட்டு ஆடுகிறது, நானும் கூடவே ஆடுகிறேன். சாப்பிடவில்லை. மூன்று முறை மாடியிறங்கி ஏறிவிட்டேன்.

பெயர் விஷயம். அன்று உன் பெயரைப் போடாததற்கு, நாத்தனாரின் பெயரைச் சேர்த்தால் ஊர் பேசும் என்று காரணம் சொன்னேன். அது பாதிதான். ‘கை வேலைதானே’ என்று நினைத்தேன். இன்று காலை கிழிந்த ஜெல்லைக் குப்பையில் போடும்போது அந்த நினைப்பு நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

4.35. படம் வந்துவிட்டது. நகல் இணைத்திருக்கிறேன். சாதாரணச் செல்லில் இரண்டு பட்டை, மேலே தடித்தது, கீழே மெல்லியது. மரபணு வெட்டிய செல்லில் கீழே ஒன்றும் இல்லை. மேலே இருப்பது அப்படியே இருக்கிறது. நீ சொன்னதுபோலவே இருபத்தேழு.

கதவைத் திறந்து மூவரையும் உள்ளே கூப்பிட்டேன். மூவரும் படத்தைச் சுற்றி நின்று பார்த்தார்கள். கடைசியில் ஒருத்தி, ‘மேடம், அப்ப நாம ஒரு வருஷமா யாரைத் தேடிக்கிட்டிருக்கோம்?’ என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவர்களிடம் நான் அந்த வார்த்தையைச் சொல்லி ரொம்ப நாளாயிற்று.

5.32. டாக்டருக்கு மெயில் போய்விட்டது. ‘பொறுங்கள்’ என்ற வார்த்தையோடு தொடங்கினேன்.

இனி பத்திரிகைக்கு எழுத வேண்டும். குப்பி எப்படி மாறியது என்று அதில் சொல்லாமல் முடியாது. ‘ஒரு பணியாளர்’ என்று எழுதட்டுமா, உன் பெயரை எழுதட்டுமா? உன் வேலைக்கு எது பாதுகாப்போ அதைச் சொல். நாற்பது நிமிட அட்டவணைக்கும் டிசம்பர் கடிதத்துக்கும் என் பெயர்தான் வரும், அதில் பேச்சில்லை.

அண்ணி


அக்டோபர் 26, ஞாயிறு

அண்ணிக்கு,

படத்தை ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். முதல் ஜெல்லுக்குப் பரவாயில்லை. மூன்றாம் தடம் லேசாக வளைந்து சிரிக்கிறது, அடுத்த முறை கரண்டைக் கொஞ்சம் குறையுங்கள்.

வேலை விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நவம்பர் 10 அன்று விசாரணை, அதுவரை வர வேண்டாம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். ஏழாம் லாட்டை விற்பனையிலிருந்து எடுத்தார்களா என்று கேட்டேன். அது என் வேலை இல்லையாம். வெளியே வரும்போது மேலாளர் மட்டும் லிஃப்ட் வரை வந்தார். “என் பொண்ணுக்கும் உன் வயசுதான். இதெல்லாம் வாயை மூடிட்டு இருந்தா தானா சரியாயிடும்” என்றார். “எதுக்கு சார் சரியாகும், முயலுக்கா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. லிஃப்ட்டும் உடனே வரவில்லை, இரண்டு பேரும் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மூன்று நாளாக அறையில் இருக்கிறேன். அலமாரியை இரண்டு முறை அடுக்கிவிட்டேன். கீழ்வீட்டுக்காரர் அவர் துணி துவைக்கிற மெஷின் ஏன் குதிக்கிறது என்று கேட்டார். போய் அதன் காலுக்கு அட்டை வைத்துச் சமப்படுத்திக் கொடுத்தேன். நாளைக்கு யார் வீட்டு மெஷினையாவது தேடிப் போக வேண்டும்.

பெயரைப் போடுங்கள். முழுப்பெயர், இனிஷியலோடு. நல்ல பட்டைக்குக் கீழே என் பெயர் வரவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டு போனவள், பிழைக்குக் கீழே வரக் கூடாது என்று கேட்டால் அண்ணனே சிரிப்பார். குப்பியை நிரப்பியவள் என்று எழுதுங்கள். ஏழாம் முயலைக் கண்டுபிடித்தவள் என்று எழுத வேண்டாம். அது கம்பெனியின் சோதனை, நான் வெளியே கொடுக்க உரிமை இல்லாதது. உங்கள் ஜெல் இருக்கிறதே, அது போதும். அதில் கண்டுபிடித்தது நீங்கள்.

பயமாக இல்லை என்று சொல்லமாட்டேன். இந்த வேலை போனால் இந்தத் தொழிலில் வேறு யாரும் எடுக்கமாட்டார்கள். அதையும் அண்ணனிடம் சொல்ல வேண்டாம், உடனே ரயிலேறி வந்து நிற்பார்.

டாக்டர் என்ன சொன்னார்? உங்கள் கடிதத்தில் அதுதான் இல்லை. நீங்கள் அனுப்பி நான்கு நாள் ஆகிறது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே கீழே போய் நிற்கிறேன். ‘உங்களுக்கு இன்னைக்கு ஒண்ணும் இல்லம்மா’ என்று தூரத்திலிருந்தே கையை ஆட்டுகிறார்.

துளி


அக்டோபர் 29, புதன்

துளி,

உறுதியானது இது. நேற்று பிற்பகல் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி டாக்டர் போனில் சொன்னார்: நவம்பர் 3 அன்று தொடங்கவில்லை. எழுத்திலும் அனுப்பியிருக்கிறார். மறுதேதி இல்லை.

ஆனால் அவர் ஐந்து நாள் பதில் சொல்லாமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும். நாங்க செப்டம்பர்லயே மூணு பேருக்குப் பண்ணிப் பார்த்துட்டோம். ஒத்திகை மாதிரி.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“உங்க படம் அவ்வளவு தெளிவா இருந்துச்சு, மேடம்.”

எந்தக் குப்பி என்று கேட்டேன். ஆகஸ்டில் வாங்கியது, லாட் 7. மூவரில் இருவருக்குப் பட்டை தடித்திருந்தது, மருந்து கொடுத்தார்கள். மூன்றாமவர் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண். நாற்பத்தாறு வயது. பட்டை மெல்லிதாக இருந்ததால் இந்த மருந்து உங்களுக்குச் சரிப்படாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஐந்து வாரம் ஆகிறது.

மெல்லிதாக இருந்தது பெரும்பாலும் இருபத்தேழு, ஏழாம் முயல் தரகரை அரைகுறையாகத்தான் காட்டுகிறது. அவருடைய கட்டியில் தரகர் எவ்வளவு என்று இதுவரை யாரும் பார்க்கவே இல்லை.

மருந்து வாங்கிய இருவரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒருவருக்குக் கட்டி சுருங்கியிருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை என்றார். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இப்போது செய்வது இதுதான். மூவரின் கட்டித் துண்டும் ஆஸ்பத்திரியில் மிச்சம் இருக்கிறது. திங்கட்கிழமை பகல் ஐஸ் பெட்டியில் வந்துவிடும். செல்களைக் கொடுத்த அதே ஆய்வகம் வேறு ஒரு ஆன்டிபாடியும் தந்திருக்கிறது. முயல் செத்தால் மாறுகிற வகை இல்லை. ஒரே செல்லின் வம்சத்தை வளர்த்து எடுப்பது, எப்போதும் அதேதான். நேற்று அதைப் போட்டுப் பார்த்தேன், சாதாரணச் செல்லில் இருபத்தைந்தில் ஒரே பட்டை. வெட்டிய செல்லில் ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெள்ளை. வெறும் தாளைப் பார்த்து அவ்வளவு நேரம் நான் நின்றதில்லை.

மூன்று துண்டுகளும் நகத்தின் கால்வாசி. ஒரு முறைக்குத்தான் காணும், கிழித்துவிட்டு இன்னொரு ஜெல் ஊற்றுகிற வசதி கிடையாது. என் கையை நம்ப நான் தயாரில்லை. 10ஆம் தேதி வரை உனக்கு வேலை இல்லை. செவ்வாய் காலை எட்டு மணிக்கு இங்கே இரு. உன் அண்ணன் ஸ்டேஷனுக்கு வருவார். நான் எதுவும் சொல்லவில்லை, உன் கடிதத்தை அவரே மேசையிலிருந்து எடுத்துப் படித்துவிட்டார். “ரெண்டு பேரும் ஒரே ரூம்ல எத்தனை மணி நேரம்?” என்று மட்டும் கேட்டார். எட்டு என்றேன். “நான் வெளியில ஸ்டூல் போட்டு உட்கார்ந்துக்கிறேன்” என்கிறார்.

பத்திரிகைக்குக் கடிதம் போய்விட்டது. குப்பிக்கு உன் பெயர், அட்டவணைக்கும் டிசம்பர் கடிதத்துக்கும் என் பெயர். கடல் தாண்டி எழுதியவர்களின் பெயரையும் சேர்த்தேன், இரண்டு பட்டையை முதலில் பார்த்தவர்கள் என்று. கட்டுரையைத் திருத்துவதா, மொத்தமாகத் திரும்பப் பெறுவதா என்பதை ஆசிரியர் குழு டிசம்பர் 10க்குள் சொல்லும். ஆஸ்பத்திரியின் அறநெறிக் குழு நவம்பர் 14 அன்று கூடுகிறது, என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். உன் விசாரணை 10 அன்று. மற்ற முப்பத்தெட்டு மாதிரிகளுக்கும்கூட இன்னும் துண்டு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன், பதில் இல்லை. நாற்பத்தொன்றிலிருந்து எதற்கு மூன்றைக் கழித்தேன் என்று பார்க்கிறாயா? கை தவறிவிட்டது. அந்த மூவர் கணக்கில் இல்லை, நாற்பத்தொன்றும் பாக்கி. இந்த வாரம் நான் எதையும் இரண்டு முறை எண்ண வேண்டியிருக்கிறது. அதற்காகவும் வா.

தையல் கடைப் பெண்ணிடம் டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. விஷயம் தெரியாமல் நம்பிக்கை கொடுக்கக் கூடாது என்கிறார், சரிதான். நவம்பர் 6, வியாழன் காலை கடை திறந்ததும் போன் செய்வதாக இருக்கிறார். தரகர் இருந்தால் அன்றே வரச் சொல்வார். இல்லையென்றால் மறுபடியும் இல்லை என்று சொல்வார், இந்த முறை உண்மையாகப் பார்த்துவிட்டு.

ஜெல்லைச் செவ்வாய் ஓட்டுவோம். தாள் அன்று இரவு முழுவதும் ஆன்டிபாடியில் ஊறும். படம் புதன்கிழமை, நவம்பர் 5, மாலை நாலரை மணிக்கு.

அண்ணி